மூடியில் நாலு ஓட்டை

உக்காருங்க, முதல்ல டீ குடிங்க. பொறி எங்கயும் ஓடிடாது. எலி எப்படி வீட்டுக்குள்ள வந்துச்சுன்னு கேட்டீங்க. எலி பிடிக்க வந்தவர் கேக்கவேண்டிய கேள்விதான். கதவிடுக்கு, குழாயடி எல்லாம் டார்ச் அடிச்சுப் பாத்தீங்க, ஒரு ஓட்டையும் இல்ல. இருக்காது. நான்தான் கொண்டுவந்து விட்டேன்.

காரணத்தைக் கேட்டா நீங்களே நியாயம்தான்னு சொல்லுவீங்க. என் மனைவியோட அண்ணன் நாலு நாள் தங்கிட்டுப் போறேன்னு வந்தார். மூணாவது மாசம் ஓடிட்டிருந்தது. தங்கமான மனுஷன், வாய் மட்டும் மூடாது. அண்ணனும் தங்கச்சியும் பேச உக்காந்தா அடுப்புல பால் பொங்கி வழிஞ்சாலும் பேச்சு நிக்காது.

நான் பறவை பாக்கறவன். வாயை மூடிட்டு இருக்கறதுதான் எங்க முதல் பாடம். இலையெல்லாம் கொட்டி முடிஞ்ச ஒரு காலையில, ஏரிக்கரை நடைக்கு அவரும் கிளம்பிட்டார். ஆறு வருஷமா நான் தேடின குட்டி ஆந்தை, மொட்டைக் கிளையில, பத்தடி தூரத்துல. பைனாகுலரைத் தூக்கறேன்.

"மாப்ளே, இதுக்கா இருட்டோட எழுப்பினீங்க? எங்க வீட்டு மரத்துல இது மாதிரி நாலு உக்காந்திருக்கும்!"

ஆந்தை போயிடுச்சு. நான் கோபப்படல. சிரிச்சேன்னுகூட ஞாபகம்.

கரையில ஒரு மரக்குடில். அங்க பறவைங்களுக்குப் போடற தானிய மூட்டை, அதைச் சுத்தி எலிக் குடும்பம். அண்ணனுக்கு எலின்னா உயிரே போயிடும்னு மனைவி சொல்லியிருந்தா. தனக்கும் அப்படித்தான்னும் சொல்லியிருந்தா. அவ சாப்பாடு கட்டிக் கொடுத்த டிபன் டப்பா காலியாத்தானே இருந்தது. மூடியில நாலு ஓட்டை போட்டேன், மூச்சு முட்டக்கூடாது பாருங்க. வீட்டுக்கு வந்ததும் நல்லா கழுவித்தான் வச்சேன்.

ரெண்டு நடையில அஞ்சு எலி. மச்சான் நாற்காலி மேல சம்மணம் போட்டுச் சாப்பிட ஆரம்பிச்சார், கிளம்பத்தான் இல்ல. என் மனைவி சமையலறை வாசல்லயே நின்னு அழுதா. "ஏதாவது பண்ணுங்களேன், பயமா இருக்குங்க." கையைப் பிடிச்சு ஆறுதல் சொன்னேன். மூணாவது நடைக்கும் அவதான் டப்பா கட்டிக் கொடுத்தா.

பழக்கதோஷத்துலதான் மாட்டினேன். எதைப் பாத்தாலும் தேதி, இடம், எண்ணிக்கை குறிச்சு வைக்கறது எங்க வழக்கம். கண்ணாடியைத் தேடினவ கையில என் நோட்டு கிடைச்சிருக்கு. "மார்ச் ஒன்பது. சமையலறை. இரண்டு. ஒன்று சினை." நோட்டை அப்படியே அண்ணன்கிட்ட நீட்டினா. மச்சான் அன்னிக்குத்தான் முதல்முறையா வாயைத் திறக்கல. ரெண்டு பேரும் ஒரே டாக்சியில போனாங்க.

எலி ஒழிஞ்சா வந்துடுவா. பிரச்சினையே எலிதானே, வேற என்ன இருக்கு?

வீடு இப்ப நான் ஆசைப்பட்ட மாதிரியே இருக்கு. அலமாரிக்குப் பின்னாடி ஒண்ணு கொறிக்குது பாருங்க, கேக்குதா? அதை மட்டும் விட்டுவைங்க. அவ வர்ற அன்னிக்கு வந்து பிடிச்சாப் போதும்.