சத்தம் விழுந்துவிட்டது

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதல் வேலையாக மைக் வாங்க ஓடுகிறார்கள். அது தப்பு. முதலில் ஒவ்வொரு அறைக்கும் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தால் அந்த அறை ஆகாது. தட்டியதோடு அடங்கிவிட்டால் அதுதான் உங்கள் ஸ்டுடியோ. எங்கள் வீட்டில் அப்படி அடங்கியது துணி அலமாரி இருந்த சின்ன அறை. நானும் தங்கையும் வீடு முழுக்கக் கை தட்டிக்கொண்டு திரிந்ததைப் பார்த்துவிட்டு எதிர் வீட்டுக்காரர் கொசு அதிகமா என்று கேட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது என் வேலையால். காது, மூக்கு, தொண்டை டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் காது சோதிக்கிறவள் நான். பஞ்சு ஒட்டிய சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனில் மெல்லிய சத்தங்களை அனுப்பி, கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்வேன். பதினெட்டு வருடத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். சத்தமே அனுப்பாமல் "இப்ப கேட்டிருக்குமே" என்று சொன்னால் பாதிப் பேர் ஆமாம் என்று தலையாட்டுவார்கள்.

ஸ்டுடியோவுக்குப் பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. வீடியோ எடுக்கிற ஒருவரிடமிருந்து பழைய மைக் கிடைத்தது. கெட்டுப்போன ஸ்டாண்டு ஃபேனின் கால் அதற்கு ஸ்டாண்டானது. பாடும்போது மூச்சு பட்டு மைக்கில் 'பொப்' என்று வெடிக்கும். அதைத் தடுக்க எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் காலுறை ஒன்றை இழுத்துக் கட்டினேன். சுவருக்கு மெத்தை, கதவுக்கு இரண்டு கம்பளி. லேப்டாப்பின் இரைச்சல் விழாமல் இருக்க, ஒயரைக் கதவுக்கு அடியில் விட்டு நான் வெளியே உட்கார்ந்துகொண்டேன். தங்கை உள்ளே. அங்கிருந்து தெருவில் என்ன நடக்கிறது என்று அவளுக்குக் கேட்காது. ஹெட்போன் ஒன்றே ஒன்றுதான், அதை நான் போட்டுக்கொண்டேன். அவளும் அது வேண்டும் என்று கேட்கவில்லை. முழுப் பாட்டும் முடிவாகும்வரை தன் குரலைக் கேட்கக் கூடாது என்பது அவள் பிடிவாதம். "கேட்டா அடுத்த தடவை நடிக்க ஆரம்பிச்சிடுவேன்க்கா" என்பாள்.

அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அம்மா போன பிறகு என்னோடுதான் இருக்கிறாள். டாக்ஸி கம்பெனி ஒன்றில் போன் எடுக்கும் வேலை. அவளுக்கு முதல் பாட்டைச் சொல்லிக் கொடுத்தது நான். அப்போது வீட்டில் பாடகி என்றால் நான்தான். பதினோரு வருடம் முறையாகக் கற்றேன். கடைசி நாளில் வாத்தியார் என்னிடம், "உன் பாட்டுல ஒரு தப்பும் இல்லம்மா" என்றார். அதற்கு மேல் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். தங்கை எங்கேயும் கற்றுக்கொள்ளவில்லை. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடினால் வந்த விருந்தாளி பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவார். அது எனக்குப் பெருமையாக இருந்தது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அவள் அலுவலகத்தில் ஒருவருடைய பிரிவு விருந்தில் அவளைப் பாடச் சொன்னார்கள். அங்கே வந்திருந்தவர்களில் ஒரு இசையமைப்பாளரின் உதவியாளரும் இருந்தார். ஒரே ஒரு பாட்டு, வாத்தியம் இல்லாமல், வெறும் குரல், ஞாயிறு மாலைக்குள் அனுப்பச் சொன்னார். "வீட்ல போன்லகூட எடுங்க, ஆனா வேற சத்தம் எதுவும் விழக் கூடாது. சார் அதுல மட்டும் ரொம்பக் கறார்." அதற்காகத்தான் இந்த ஸ்டுடியோ. அவளுக்கு வேறு வாய்ப்பு வந்ததும் இல்லை, வரப் போவதும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஒரு வாரம் பயிற்சி செய்தாள். வியாழக்கிழமை மேல் ஸ்தாயியில் குரல் லேசாகத் தட்டியது. நான்தான் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். தொண்டைக்குள் கேமரா விட்டுப் படம் எடுத்தார்கள். அன்று கூட்டம் அதிகம், டாக்டர் மாலையில்தான் படத்தைப் பார்த்தார். தங்கை அதற்குள் வேலைக்குப் போய்விட்டாள். டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சீட்டைக் கொடுத்தார்.

"குரல் நாண்ல ஒரு ரத்தக்குழாய் வீங்கியிருக்கு. ரெண்டு மாசத்துக்குப் பாட்டே கூடாது, பேச்சும் கம்மி பண்ணணும். மீறினா உள்ளயே உடைஞ்சு தழும்பாயிடும். அப்புறம் அந்தக் குரல் திரும்பி வராதும்மா. தங்கச்சிகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

சொல்லிடுறேன் என்றேன். சீட்டை மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் தங்கை ஓடி வந்து கேட்டாள். "வறட்சிதானாம். வெந்நீர் குடிச்சாப் போதுமாம்" என்றேன். யோசித்துத்தான் சொன்னேன். ஒரு பாட்டுத்தானே, நான்கு நிமிடம். பாடி அனுப்பிவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும். இப்போதே சொன்னால் வாய்ப்பும் போய், மனமும் உடைந்து போகும். என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தொடங்கினோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடியிருப்பாள். கதவு மூடியிருந்ததால் நான் பார்க்கவில்லை, கேட்டேன். முடித்துவிட்டுக் கம்பளியை விலக்கித் தலையை நீட்டினாள். கழுத்தெல்லாம் வியர்வை.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"நல்லாத்தான் பாடின. கீழ ஒரு பைக் போச்சு. சத்தம் விழுந்துடுச்சு."

"சே. சரி, இன்னொரு டேக் போலாம்."

இரண்டாவது தடவை மேல் வீட்டில் நாற்காலியை இழுத்தார்கள் என்றேன். மூன்றாவதில் தண்ணீர் மோட்டார். ஐந்தாவதில் எங்கேயோ கதவு அடித்தது. "நம்ம ஸ்டுடியோ லட்சணம் இவ்ளோதான்" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வெந்நீர் கொடுத்தேன், துண்டு கொடுத்தேன். பத்தாவதுக்கு மேல் குரலில் மணல் விழுந்த மாதிரி ஒரு கரகரப்பு. பதினாறாவதில் இருமினாள். "நாளைக்குப் பாடிக்கலாமாக்கா?" என்றாள். நாளைக்கு ஞாயிறு, தெருவில் இன்னும் சத்தமாக இருக்கும் என்றேன். அவளுக்கு நியாயமாகப் பட்டது.

இருபத்து மூன்றாவதில், பாட்டின் உச்சியில், ஹெட்போனில் சின்னதாக ஒரு 'டிக்' கேட்டது. லேப்டாப் திரையில் துள்ளிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது. அவள் கதவைத் திறந்து வெளியே வந்து வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

அன்று பிற்பகலே டாக்டர் பார்த்தார். பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு மாசம் பாடக் கூடாதுன்னு அக்கா சொல்லியும் கேக்கலையாம்மா?"

அவளால் பதில் சொல்ல முடியாது. என்னைப் பார்த்தாள். "பிடிவாதம் டாக்டர், நான் எவ்வளவோ சொன்னேன்" என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். 'பாட்டு ஞாபகத்துல டாக்டர் சொன்னதைச் சரியாக் கேக்காம விட்டுட்டியாக்கா? பரவாயில்ல.' நான் தலையாட்டினேன். அந்தக் காகிதமும் என் சாப்பாட்டுப் பையில்தான் இருக்கிறது.

எட்டு மாதம் ஆகிறது. பேச்சு வந்துவிட்டது, கரகரவென்று. போன் எடுக்க முடியாததால் கம்பெனியில் பின்னறையில் டிரைவர்களுக்கு நேரம் எழுதிக் கொடுக்கிறாள். பாத்திரம் கழுவும்போது சமையலறையில் சத்தமே இல்லை. எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள், "இருபத்து மூணுல ஒண்ணுகூடத் தேறலையாக்கா?" இல்லை என்றேன்.

அன்று காலை தெருவில் பைக் எதுவும் போகவில்லை. மேல் வீடு பூட்டியிருந்தது. மோட்டார் ஓடவில்லை. அவ்வளவு அமைதியான சனிக்கிழமையை நான் பார்த்ததில்லை. முதல் தடவையே அவள் பாடி முடித்துவிட்டாள். வாத்தியார் என்னிடம் சொல்லாமல் விட்டது என்ன என்று அந்த நான்கு நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது. அதை அனுப்பினால் அவள் போய்விடுவாள், அதன்பிறகு நான் அவளுடைய அக்கா மட்டும்தான் என்பதும் தெரிந்தது. இன்னும் எத்தனை தடவை பாடினால் உடையும் என்று மட்டும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உதவியாளர் போன் செய்தார். அந்த முதல் பதிவை அதற்குள் லேப்டாப்பிலிருந்து என் போனுக்கு மாற்றி வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து வருவாள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். டாக்டர் அதுவரை தழும்பு நிச்சயம் என்று சொல்லவில்லை. "அவளுக்கு இதுல அவ்வளவா ஆர்வம் இல்லைங்க" என்றேன்.

அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. அவள் வேலைக்குப் போனதும் துணி அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனில் தினமும் ஒரு தடவை கேட்கிறேன். குற்ற உணர்ச்சி இல்லாதவள் அப்படிச் செய்வாளா?

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எத்தனையோ நாள் வாய்வரை வந்திருக்கிறது. ஆனால் மிச்சமிருக்கும் குரலாவது நிற்க வேண்டுமானால் அவள் கத்தக் கூடாது, அழக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். டாக்டர் சொன்னதை மீற எனக்கு மனம் வரவில்லை.