டபுள் முடிச்சு

முட்டுக்காட்டில் பஸ் ஏறிய இருவர் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவர் மடியில் புதிதாகத் தைத்த பைக் சீட் கவர்கள்.

“தங்கச்சிய படகோட சேத்துக் கட்டிட்டு வந்துட்டேன் மச்சான்” என்றார் அவர்.

நண்பர் திடுக்கிட்டார். “இன்னாடா சொல்ற?”

“காட்டாத்துல நடக்குற படகுப் போட்டிக்கு இங்க பழகுறாள்ல? முட்டி போட்டே துடுப்பு போட்றதுல ஒரே வலியாம். முட்டிக்கு அடியில நம்ம கடை ஸ்பாஞ்ச ஒட்டி, தொட மேல பெல்ட்டு போட்டு இறுக்கிட்டேன். சொகமா கீதுன்னா.”

“பக்கிள் வெச்சியா?”

“அது கழண்டுக்கும்டா. டபுள் முடிச்சு. கத்தியால அறுத்தாத்தான் உண்டு.”

“இன்னிக்கி இன்னா பழகுறா?”

“படகக் கவுத்துட்டு வெளிய வர...”

 சீட் கவர்கள் கீழே சரிய அவர் எழுந்து டிரைவரிடம் ஓடினார்.

“அண்ணாத்த, வண்டிய நிறுத்து!”