கோபால்ட் கூடிய ஓடுகள்

வீட்டில் சட்னி அரைக்கச் சொன்னாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனால் புனேயில் ஓர் ஆய்வகத்தில் நான்கு வருடம் உட்கார்ந்து ஓடு அரைத்தேன். இரண்டாயிரம் வருடத்துப் பானை ஓடு. பொடியில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று பார்த்தால், பானை எந்த ஊர் மண் என்று சொல்லிவிடலாம்.

நாற்பது ஓடுகளில் பதினொன்று கடற்கரை மண் என்று கண்டது நான். ஆய்வகத் தலைவர் ராமநாதன் சார் அதை, என்னோடு வேலை பார்த்த சஹானா பெயரில் கட்டுரையாக்கினார். கேட்டேன்.

"உன் இங்கிலீஷ்ல எழுதினா எவம்மா போடுவான்? அவ அப்பா ப்ரொஃபசர், அவளுக்கு எழுத வரும். நன்றில உன் பேர் இருக்கு, பாரு."

பார்த்தேன். கடைசி வரி. என் அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் குண்டுக்கு மருந்து அடைத்தவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான் மட்டும்தான்.

அடுத்த கட்டுரைக்கு அறுபது ஓடுகள். அதையும் என்னையே அரைக்கச் சொன்னார். இதற்கு அகேட் கல் உரல்தான் எடுக்க வேண்டும். டங்ஸ்டன் உரலில் அரைத்தால் அந்த உலோகத்தில் சேர்ந்திருக்கும் கோபால்ட் பொடியில் கலந்து, பானை வேறெங்கோ செய்ததுபோலக் காட்டும். பாதியை டங்ஸ்டனில் அரைத்தேன். வழக்கமாக நகமளவு துண்டுதான் எடுப்போம். நான் முழு ஓட்டையும் அரைத்தேன், மறுபடி சோதிக்க எதுவும் மிஞ்சக் கூடாதென்று. எழுத்து கீறிய ஓடுகள் ஏழு இருந்தன. அவற்றையும். சார் ஓடு வைக்கும் அலமாரியைத் திறந்து பார்க்கிற ஆள் இல்லை.

பதிவேட்டில் அரைத்தவர் கையெழுத்து வேண்டும். உரல் கழுவும் ஜோசபின் அக்கா எங்கள் தெருக்காரர். இங்கே இடம் காலி என்று எனக்குச் சொன்னதே அவர்தான்.

"கையெல்லாம் பொடியா இருக்குக்கா, நீங்க போட்டுடுங்க."

"அரே, சைன்தானே, குடு பாப்பா."

அறுபது வரியிலும் போட்டார். என் கை சுத்தமாகத்தான் இருந்தது.

கட்டுரை வந்தது. தெரியாத வணிகப் பாதை ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சார் மேடையில் பேசினார். மூன்று மாதத்தில் வெளியூர் ஆய்வகம் ஒன்று மிச்சப் பொடியில் டங்ஸ்டனும் இருக்கிறது, கோபால்ட் உரலிலிருந்து வந்ததுதான் என்று சொல்லிவிட்டது. சார் பதிவேட்டைக் காட்டினார். சாரும் வேலையில் இருக்கிறார், சஹானாவும் இருக்கிறாள். அக்காவை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

போகும்போது வாசலில் என்னை நிறுத்தினார். "நீதானே அரைச்சே பாப்பா. உள்ள போய் ஒரு வார்த்தை சொல்லேன்."

"ரிஜிஸ்டர்ல உங்க சைன் இருக்கேக்கா" என்றேன்.

துரோகம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், சார் எனக்குச் செய்தது அது. அக்கா விஷயத்தில் நான் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.