ஹால்ல யாரோ பாட்டு கேக்குறாங்க

ராத்திரி ஒன்பதரை இருக்கும். ஊருக்கு வெளிய போற சுத்து ரோடு. ரெண்டு பக்கமும் பூட்டின குடோனுங்க. முன்னாடியும் வண்டி இல்ல... பின்னாடியும் இல்ல.

கார்ல தனியா வந்தது யாருன்னா, நம்ம ஆபீஸ் கணக்கர் இருக்காரே, அவரோட சித்தப்பா. காது மெஷின் விக்கிற கடைக்காரர். குடும்பத்துல அவருக்குப் பேரே 'காது'தான். தன் காதைப் பத்தி அவ்வளவு பெருமை, அடுத்தவங்க காதைப் பத்தி அவ்வளவு இளக்காரம். கடைக்கு வர்ற வயசானவங்களை 'டமாரம்'னுதான் சொல்வார். முதுகுக்குப் பின்னாடி இல்ல, நேராவே. எப்படியும் அவங்களுக்குக் கேக்காதுல்ல.

வீட்ல அலமாரிக்குள்ள சின்னதா ஒரு சர்வர் வெச்சிருந்தார். ஹார்ட் டிஸ்க் நெறைய, துல்லியமாப் பதிஞ்ச பாட்டு. போன்ல தொட்டா எந்த ரூம்லயும் பாடும், எங்கயோ ஓடுற கார்லயும் பாடும். வீட்டுக்கு யார் வந்தாலும் உக்கார வெச்சு ஒரு பாட்டைப் போட்டு, "வித்தியாசம் தெரியுதா?"ம்பார். தெரியலன்னா மூஞ்சியைச் சுளிப்பார். தெரியுதுன்னா, "சும்மா சொல்லாதீங்க"ம்பார். அப்படி ஒரு ஜென்மம்.

சித்திக்குக் கடைசி காலத்துல காது மந்தம். அவங்களுக்குப் பிடிச்ச பழைய சினிமாப் பாட்டு கொஞ்சம் அந்த சர்வர்ல ஒரு மூலையில கெடந்துச்சு. கேசட்லேர்ந்து எடுத்தது, ஒரே இரைச்சல். அதைக் கேக்க ஒரு மெஷின் குடுங்கன்னாங்களாம். "இந்தக் குப்பையைக் கேக்க உனக்கு மெஷின் வேறயா?"ன்னுட்டார். ஊருக்கே விக்கிற மனுஷன்! சித்தி செத்துப்போன மறுவாரம் அந்தப் பாட்டையெல்லாம் அழிச்சார். இடத்தை அடைக்குதாம்.

அந்த ரோட்ல... கார்ல பாடிட்டிருந்த பாட்டு பட்டுனு நின்னுச்சு. டயர் சத்தம் மட்டும். ஓரங்கட்டி போனைப் பார்த்தார். பாட்டு நிக்கல, இடம் மாறியிருக்கு. 'ஹால்'னு காட்டுது.

வீடு பூட்டியிருக்கு. சாவி இவர் பாக்கெட்ல.

திரும்பக் காருக்கு மாத்தினார். ரெண்டு வரி பாடுச்சு... மறுபடி ஹால். அப்புறம் பாட்டு தானா மாற ஆரம்பிச்சுது. இவர் பொத்திப் பொத்தி வெச்ச பாட்டெல்லாம், தொடங்கின உடனே அடுத்தது... அடுத்தது... குப்பையைக் கிளறுற மாதிரி. கடைசியா ஒண்ணுல நின்னுச்சு. சித்தியோட பாட்டு. இவர் அழிச்சது.

சத்தத்தைக் காட்டுற கோடு மெதுவா ஏறுது. பாதி... முக்கால்... முழுசு.

போன் அடிச்சுது. எதிர்வீட்டுக்குப் போன மாசம் குடிவந்த நர்ஸ்.

"சார், பாட்டைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க. கொழந்தை தூங்க மாட்டேங்குது."

"வீட்ல யாரும் இல்லம்மா."

"இருக்காங்களே சார். ஜன்னல்கிட்ட போய் நானே சொன்னேன். 'கேக்கல, சத்தமா சொல்லும்மா'ன்னாங்க."

"யாரு?"

"இருட்டுல முகம் தெரியல. வயசானவங்க குரல். நீங்கதான் மெஷின் கடை வெச்சிருக்கீங்களே சார்... அவங்களுக்கு ஒண்ணு மாட்டி விடக் கூடாதா?"

வெச்சுட்டா.

வீட்டுக்கு வந்தா பூட்டு போட்டபடி இருக்கு. உள்ள மூச்சு சத்தம்கூட இல்ல. லைட்டைப் போட்டார். நாற்காலி ஒண்ணு ஸ்பீக்கரை ஒட்டி இழுத்துப் போட்டிருக்கு. ஸ்பீக்கர் துணியில... காதை வெச்சு அழுத்தின தடம். மடிப்பு, துளை, எல்லாம் அப்படியே, பிசுபிசுன்னு. கிட்ட போனா தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனை.

ஊரையே எளக்காரமாப் பார்த்த மனுஷன், விடியிற வரைக்கும் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு வாசப்படியில உக்காந்திருந்தார். விடிஞ்சதும் சர்வரைப் பிடுங்கி, டிஸ்க்கை எல்லாம் சுத்தியால நொறுக்கினார். ஸ்பீக்கரைத் தூக்கி, பழைய சாமான் வாங்குற ஆக்கர்காரன்கிட்ட போட்டார். வீடு கழுவி விட்ட மாதிரி அமைதியாயிடுச்சு.

அன்னைக்கு ராத்திரி நல்லாத்தான் தூங்கினாராம்.

காலைல எழுந்து பல்லு தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்தார். போட்டிருந்த வெள்ளை பனியன்ல... இடது பக்கம், சரியா நெஞ்சு துடிக்கிற எடத்துல... எண்ணெய்ப் பிசுக்கோட ஒரு காதுத் தடம்.