அவர் ஏற்றி வைத்த ஸ்பீடு

வேங்கிக்காலில் ஏறிய ஒரு பெண்ணும் ஓர் இளைஞனும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்ணின் மடியில், துண்டில் சுற்றிய ஒரு கம்ப்யூட்டர் மதர்போர்டு இருந்தது.

“போர்ட மாத்துனா, பிராசசருக்கு அவரு ஏத்தி வெச்ச ஸ்பீடு போயிடுமா பிரபு?” என்றாள்.

“போயிடுங்க அண்ணி. அந்த செட்டிங் போர்டுலதான் இருக்குது. அண்ணன் எடுத்த கல்யாண வீடியோவெல்லாம் டிஸ்க்ல பத்திரமா இருக்குது.”

“பிராசசர் மட்டும் புதுசு போட்டா?”

“இந்த போர்டுல புதுசு உக்காராதுங்க. ஸ்பீடு ஏத்துன சூட்டுல போர்டும் கெட்டுப்போச்சு. அண்ணன் தவறினப்புறம் நீங்க எடிட்டிங் பண்ண உக்காந்தாலே ஆஃப் ஆவுதே. ரெண்டையும் சேத்துதான் மாத்தணும்.”

பெரிய கோபுரம் தெரிந்ததும் பஸ்ஸில் பலரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவள் துண்டின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

“ஸ்பீடு ஏத்த முடியாத மாடலே வாங்கிடலாங்க. உங்க வேலைக்கு அது போதும்.”

“வேணாம். ஏத்தற மாதிரியே வாங்கு.”

“யாருங்க ஏத்தறது? எனக்குத் தெரியாதே.”

“நான் ஏத்திக்கறேன். கொஞ்சமா ஏத்துவாரு, சூடு எவ்ளோனு பாப்பாரு, அப்புறம் இன்னும் கொஞ்சம் ஏத்துவாரு.”

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். “அண்ணன் உங்களுக்குச் சொல்லிக்குடுத்தாரா?”

“இல்லப்பா. அவரு செய்யும்போதெல்லாம் நான் பக்கத்துல உக்காந்துகினு இருந்தேன்.”