வராதவர்கள் ஏழு பேர்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். மருத்துவர்களில் இது கொஞ்சம் அபூர்வம். ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர், "உங்க சீட்டை என் மூணாங்கிளாஸ் பொண்ணே படிச்சிடுறா டாக்டர். அதனாலயே கள்ளச்சீட்டோன்னு ஒரு சந்தேகம் வருது" என்பார். விசாரணைக் குழு கேட்டிருக்கும் விளக்கத்தை அதனால் கையாலேயே எழுதுகிறேன். அடித்தல் திருத்தல் இருக்காது.

இருபத்தாறு வருடங்களாகக் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு மருத்துவம் பார்க்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஒரு பெரிய சர்ஜனுக்குக் கீழே இருந்தேன். நோய் என்றால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார். அதில் தவறில்லை, உயிர் பிழைத்தார்கள். ஒருமுறை இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி மயக்கம் தெளிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சமாவது மிச்சம் வெச்சீங்களா?" என்று கேட்டாள். நான் போர்வையைச் சரிசெய்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் என் ஆராய்ச்சியே தொடங்கியது. இதை நீங்கள் நம்பவேண்டும்.

ஆராய்ச்சி எளிமையானது. கர்ப்பப்பையின் உட்சவ்வில் மட்டும் நோய் இருக்கும் இளம்பெண்களுக்கு அறுவை செய்யாமல் ஹார்மோன் மாத்திரை கொடுப்பது. மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் உள்ளிருந்து துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதிப்பது. நோய் போயிருந்தால் குழந்தைக்கு முயலலாம். ஆறாம் மாதமும் இருந்தால், அல்லது எப்போதாவது ஆழமாக இறங்கியிருந்தால், மாத்திரையை நிறுத்தி உடனே அறுவை.

விதிகளை நானே எழுதினேன். துணுக்கு எடுத்தால்தான் ஒருத்தி வந்ததாகக் கணக்கு. சும்மா விசாரித்துவிட்டு 'நலம்' என்று எழுதும் சோம்பேறித்தனத்தை ஒழிக்க வைத்த விதி அது. குறித்த நாளிலிருந்து ஆறு வாரம் அவகாசம். அதற்குள்ளும் துணுக்கு எடுக்கவில்லை என்றால் அவள் பெயர் 'வராதவர்' பட்டியலுக்குப் போகும். வராதவர்கள் முடிவு தெரியாதவர்கள். முடிவு தெரியாதவர்களை விகிதத்தில் சேர்ப்பதில்லை.

நாற்பத்தாறு பேரைச் சேர்த்தேன். ஏழு பேர் வரவில்லை. மீதி முப்பத்தொன்பதில் முப்பத்து நான்கு பேருக்குக் குணம். நூற்றுக்கு எண்பத்தேழு. இந்த எண்ணுக்காக என்னை மூன்று நாடுகளில் பேச அழைத்தார்கள். எங்கள் ஊரில் அதற்கு முன்பே 'கத்தி வைக்காத டாக்டர்' என்று பட்டப்பெயரும் வந்திருந்தது. பதினொரு குழந்தைகள் பிறந்தன. அவர்களின் புகைப்படங்கள் என் அறைச் சுவரில் இருக்கின்றன. நீங்கள் அன்று வந்தபோது பார்த்தீர்கள்.

அந்த ஏழு பேரைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். தையல்காரியைப் பற்றிச் சொல்கிறேன். மற்ற ஆறு பேரிடமும் இதே முறைதான்.

முப்பத்திரண்டு வயது. பள்ளிச் சீருடை தைப்பவள். கணவர் பஸ் டிரைவர். கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. முதல்நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கோபிச்சுக்காதீங்க டாக்டரம்மா. உங்க கோட்டு தோள்ல ரெண்டு விரல் இறங்குது. செத்துப்போன யாரோ குடுத்த மாதிரி இருக்கு" என்றாள். காத்திருந்த நேரத்தில் அதை வாங்கிப் பிடித்துத் தைத்தும் கொடுத்தாள். மாத்திரையை ஒருவேளைகூட விடவில்லை. மூன்றாம் மாதப் பரிசோதனையில் நோய் குறைந்திருந்தது.

ஆறாம் மாதம், சொன்ன தேதியில், காலையில் முதல் ஆளாக வந்தாள். துணுக்கு எடுக்கும் முன் நான் எப்போதும் ஸ்கேன் செய்வேன், என் கையாலேயே. உட்சவ்வு மெல்லிய கோடாகத் தெரிய வேண்டும். அது தடித்திருந்தது. ஓரிடத்தில் சவ்வுக்கும் தசைக்கும் நடுவில் இருக்கவேண்டிய எல்லையே இல்லை. இருபத்தாறு வருட அனுபவத்துக்கு அதைப் புரிந்துகொள்ள அரை நிமிடம் போதும்.

எங்கள் சிஸ்டர், "துணுக்கு எடுக்கற ட்ரே பிரிச்சு வெச்சிட்டேன் டாக்டர்" என்றார்.

"வேண்டாம் சிஸ்டர். மூடிடுங்க. இன்னைக்கு எடுக்கல."

"எப்படி இருக்கு டாக்டரம்மா?" என்று தையல்காரி கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்."

அவள் சிரித்தாள். "பொறுமையா? அதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒன்பது வருஷமா மாமியாரோட ஒரே அடுப்படி."

அவளுடைய அட்டையில் பத்து வாரம் தள்ளித் தேதி எழுதினேன். தெளிவாகவே எழுதினேன்.

"பத்து வாரமா? எப்பவும் சீக்கிரம் வரச் சொல்லுவீங்களே."

"நல்லா இருக்கறவங்களை அடிக்கடி கூப்பிடறதில்லம்மா."

நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. எந்தத் தாளிலும் பொய் எழுதியதில்லை. இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் யோசித்திருக்கிறேன். பொதுவாகப் பார்த்தால் அதுவும் உண்மைதான். அவளைக் குறித்து நான் அதைச் சொல்லவில்லை.

ஐந்தாவது வாரம் அவள் கணவர் போன் செய்தார். பின்னால் பஸ் நிலையத்தின் இரைச்சல் கேட்டது. "மேடம், நாலு நாளா ரத்தம் நிக்கல. நாளைக்கு லீவு போட்டுட்டுக் கூட்டிட்டு வரவா?"

ஆறு வார அவகாசம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அவள் வந்தால் துணுக்கு எடுத்தாக வேண்டும். எடுத்தால் அவள் வந்தவள்.

"மாத்திரைக்கு அப்படி ஆகும். பயப்பட வேண்டாம். தேதிக்கே வாங்க."

"நீங்க சொன்னா சரிதான் மேடம். எங்கம்மாதான் வேற டாக்டர்கிட்ட போன்னு உயிரை வாங்கறாங்க. கத்தி வைக்காத டாக்டர விட்டுட்டு எவன்கிட்ட போறதுன்னு நானும் இவளும் அம்மாகூட சண்டை போட்டோம். இந்த ஒரு விஷயத்துலதான் எனக்கும் இவளுக்கும் ஒத்துப்போகுது."

இப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பத்தாவது வாரம், சொன்ன தேதியில் வந்தாள். அன்றைக்கு அவள் என் ஆராய்ச்சியில் இல்லை. அதனால் அவளை நான் சாதாரண நோயாளியாக, முழுக் கவனத்துடன் பார்க்க முடிந்தது. நான்காம் நாள் அறுவை செய்தேன். வயிற்றைத் திறந்ததும் குடலின் மேல் ரவை தூவியதுபோல் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஐந்தரை மணி நேரம் நின்றேன், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மயக்க மருத்துவர் நடுவில் இரண்டு முறை, "போதும், மூடிடலாம்" என்றார். நான் கேட்கவில்லை. அவளுக்காக நான் செய்யாதது எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன். உதடு காய்ந்து கிடந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று சொன்னேன். இனிக் குழந்தை கிடையாது என்பதையும் சொன்னேன். நோயாளியிடம் எதையும் மறைக்கக்கூடாது என்பது என் வழக்கம்.

போர்வை ஓரத்தின் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "நான் தேதி தவறாமதானே வந்தேன் டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. ஒரு நாள்கூடத் தவறல."

"எங்க மாமியார் நான்தான் ஒழுங்கா வரலன்னு சொல்லுவாங்க. நீங்க ஒரு வார்த்தை அவங்ககிட்ட சொல்லிடுங்க."

சொல்வதாகச் சொன்னேன். அவள் மாமியார் வெளியே வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தார். அன்று எனக்கு வேறு வேலை வந்துவிட்டது.

பதினான்கு மாதம் இருந்தாள். கடைசி மாதங்களில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று மட்டும் வருத்தப்பட்டாள். என் கட்டுரையில் அவள் வராதவர்களில் ஆறாவது.

ஏழு பேரில் மூவர் பிழைத்திருக்கிறார்கள். நால்வர் இல்லை. பத்து வாரம் முன்பு அறுத்திருந்தால் நால்வரும் இருந்திருப்பார்களா என்று உங்கள் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஒருத்தி இருந்திருக்க மாட்டாள். மற்ற மூவரும் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். தையல்காரி நிச்சயமாக.

இதைக் கண்டுபிடித்தது சிஸ்டர். பிரித்த ட்ரேயைப் பயன்படுத்தாவிட்டாலும் அதிலுள்ள கருவிகளை மறுபடி வேகவைத்துக் கிருமி நீக்க வேண்டும் என்பதால், நோயாளி எண்ணோடு அதற்கென ஒரு நோட்டில் எழுதிவைப்பார். கட்டுரையின் பட்டியலோடு அந்த நோட்டை வைத்துப் பார்த்திருக்கிறார். வராத ஏழு பேருக்கு, அவர்கள் வரவேண்டிய நாளிலேயே, ஏழு ட்ரே பிரித்திருந்தது. உங்களுக்கு எழுதும் முன் என்னிடம் வந்தார்.

"வராதவங்களுக்கு நான் எதுக்கு டாக்டர் ட்ரே பிரிச்சேன்?"

அவர் குரலில் கோபம் இல்லை. கண்தான் கலங்கியிருந்தது. பதினெட்டு வருடம் என்னோடு வேலை செய்தவர். அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஏழு பேரையும் சேர்த்தால் நூற்றுக்கு எழுபத்து நான்கு. அந்த எண்ணைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆராய்ச்சி நின்றிருக்கும். சுவரில் இருக்கும் பதினொரு பேரில் பாதிப்பேர் பிறந்திருக்க மாட்டார்கள். நான் வேறு எதற்காகச் செய்தேன்? நாற்பத்தாறு பெண்களுக்கும் இந்த மாத்திரைதான் சரி என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

உங்கள் கடைசிக் கேள்வி, இதே நோய் இதே நிலையில் இருந்தும் நான் ஆராய்ச்சியில் சேர்க்காத பெண் யாராவது உண்டா என்பது. உண்டு. என் அக்கா மகள். முப்பது வயது, கல்யாணமாகி ஒன்றரை வருடம். தையல்காரி அறுவை முடிந்து வார்டில் இருந்த அதே வாரம் அவளுக்கு நோய் தெரிந்தது. அக்கா என் வீட்டுக்கே வந்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் கத்தி வைக்காத டாக்டர்ங்கறாங்க. என் பொண்ணுக்கு மட்டும் கத்தி வைக்கறேங்கறியேடி. அந்த மாத்திரையத்தான் குடேன்" என்று விடியும்வரை அழுதாள். நான் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் நானே கர்ப்பப்பையை எடுத்தேன். எட்டு வருடம் ஆகிறது, அவள் நன்றாக இருக்கிறாள். அக்கா என்னோடு பேசுவதில்லை.

இதில் நீங்கள் வேறு அர்த்தம் எதுவும் தேட வேண்டாம். சொந்தக்காரர்களை ஆராய்ச்சியில் சேர்க்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. விதியை மீறிப் பழக்கம் இல்லை எனக்கு.