நாய்க்கு யார் சீனி போட்டது?

எழுபதுகளின் பஞ்ச காலம். இலங்கையின் ஹட்டனில், பேக்கரியில் பாண் வாங்க நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். இளையவள் சொன்னாள்:

"எங்க நாயப் பாத்துத்தான் அக்கா, நாங்க ஆனைக்கொய்யா திங்கப் பழகுனோம்."

"சீனி இல்லாம அத எப்படிடி திம்பீங்க?" என்றாள் மூத்தவள். ஆனைக்கொய்யா என்ற அவகாடோவை எங்கள் பக்கம் சீனி போட்டுப் பிசைந்துதான் தின்போம்.

"சீனி கெடைக்கலேன்னுதான் நாங்களும் தொடாம விட்டுட்டோம். பழமெல்லாம் எங்க லயத்து வீட்டுக்குப் பின்னால விழுந்து கெடந்துச்சு. நாங்க எல்லாம் காஞ்சு கெடக்குறோம், நாய் மட்டும் பளபளன்னு இருக்கு. ஒரு நா பின்னாலயே போயிப் பாத்தா, மரத்தடியில நின்னு தின்னுக்கிட்டிருக்கு. அதுக்கு யாருக்கா சீனி போட்டா?"

"அப்புறம்?"

"உப்பும் பச்சமொளகாயும் போட்டுப் பெசஞ்சேன். ஒரு ரொட்டியோட தின்னாலே வயிறு நெறஞ்சிருது."

மூத்தவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "சின்னவ எப்படி இருக்கா? நிக்கக்கூடத் தெம்பில்லாம இடுப்புலயே தூக்கிட்டுத் திரிஞ்சியே?"

"தேறிட்டாக்கா. டிஸ்பென்சரியில நிறை பாத்தாங்க, ஏறியிருக்கு."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

"நாய்?"

"அதுதான் பாவம், எளச்சுப் போச்சு. பழம் விழுற சத்தம் கேட்டா, அது எழுந்திரிக்கிறதுக்குள்ள இவ மரத்தடிக்கு ஓடிடுறா."